பழைய வெபர் ஸ்பிரிட் கேஸ் கிரில்: வாங்கிச் சீர்செய்யலாமா?

சிங்கப்பூரில் பழைய பொருள்கள் விற்கும் கேரோசல் செயலியில் "வீடு மாறுகிறோம், நீங்களே வந்து எடுத்துக்கொள்ளவும்" என்ற குறிப்போடு பழைய கேஸ் கிரில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அடிக்கடி கண்ணில் படுவது வெபர் ஸ்பிரிட், அதிலும் மூன்று பர்னர் கொண்ட 310. படத்தில் மூடி பளபளக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். பீங்கான் பூச்சுள்ள மூடி வருடக்கணக்கில் வெளியே கிடந்தாலும் ஈரத்துணியால் துடைத்தால் புதிதுபோல் ஆகிவிடும். நேரில் போனதும் குனிந்து அடியைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் இடம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு இது தோதுப்படாது. தாழ்வாரம் தீ விபத்தில் ஆட்கள் தப்பிக்கும் வழி, அங்கே கிரில்லுக்கு இடமில்லை. வீட்டுக்குள் கொளுத்தினால் கார்பன் மோனாக்சைடு. காண்டோ எனும் தனியார் அடுக்குமாடியின் பால்கனி என்றால் நிர்வாகத்திடம் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கவலையில்லாமல் வாங்கக்கூடியவர்கள் திறந்த முற்றமுள்ள தரைவீட்டுக்காரர்கள்தான்.

பிறகு எரிவாயு. சிங்கப்பூரில் குழாய்வழி வரும் வாயுவில் ஹைட்ரஜன் அதிகம். சிலிண்டரில் வரும் எல்பிஜி வாயுவுக்காகச் செய்த கிரில்லில், வாயு பீய்ச்சும் ஜெட் துளை அதற்குப் பொருந்தாது. "குழாயில் மாட்டிக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கிரில் என்றால் வேறு சிக்கல்: அதன் திருகு இணைப்பு இங்குள்ள வீட்டு சிலிண்டரில் ஏறாது. ஹோஸையும் ரெகுலேட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். எப்படியும் பழைய ஹோஸைத் தூக்கிப் போடத்தான் போகிறீர்கள். புதிதாக வாங்குவதில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா பாருங்கள்; எல்பிஜி ரெகுலேட்டருக்கும் ஹோஸுக்கும் இங்கே அது கட்டாயம். பழைய சிலிண்டரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம், எரிவாயு முகவரே புதியதை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார். எம்ஆர்டியில் தூக்கிப்போகும் எண்ணம் இருந்தால், நிலையத்துப் பலகையில் தீப்பற்றும் பொருளுக்கு எழுதியிருக்கும் 5,000 வெள்ளி அபராதத்தை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கிரில்லுக்கு வருவோம். ஸ்பிரிட்டின் பலம் பர்னர்கள் உள்ளே இருக்கும் அதன் அடிப்பெட்டி. அது வார்ப்பு அலுமினியம், துருப்பிடிக்காது. மெல்லிய இரும்புத் தகட்டில் செய்த மலிவு கிரில்களை வாங்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்: அவற்றில் பெட்டியே ஓட்டையாகிவிடும், ஓட்டை விழுந்த பெட்டிக்கு வைத்தியம் கிடையாது. ஸ்பிரிட்டின் பலவீனம் பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம். நம் ஊர் ஈரக்காற்றில் பெயின்ட் கீறிய இடத்தில் துரு உள்ளே போய்விடும். ஸ்க்ரூடிரைவர் முனையால் சக்கரத்துக்கு மேலுள்ள மூலைகளையும் சிலிண்டர் பக்கத்துத் தட்டையும் குத்திப் பாருங்கள். "டங்" என்று ஒலித்தால் மேல்துரு, தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம். முனை உள்ளே இறங்கினால் கைகுலுக்கிவிட்டு வந்துவிடுங்கள்.

கையில் ஒரு சின்னக் காந்தமும் இருக்கட்டும். எவர்சில்வர் தகட்டில் ஒட்டாவிட்டால் பெரும்பாலும் துருவை நன்றாகத் தாங்கும் 304 ரகம். இறுக ஒட்டினால் 430 ரகமாக இருக்கலாம். கடலோரக் காற்றில் பழுப்புப் புள்ளி வரும், ஆனால் அது அழகுக் குறைதான்.

மூடியின் உள்பக்கம் கருப்புச் செதில் உரிந்து தொங்கினால் பெயின்ட் உரிவதாகப் பலர் பயப்படுகிறார்கள். அது கருகிப்போன எண்ணெய்ப் பிசுக்கு. சுரண்டினால் போய்விடும், விலையைக் குறைத்துப் பேச நல்ல சாக்கு.

தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகு கைப்பிடிகள் எந்தப் பக்கம் என்று கட்டாயம் பாருங்கள். 310இல் பழையவற்றில் அவை வலப்பக்க மேடையில் இருக்கும். 2013 முதல் முன்பக்கம் வந்துவிட்டன. இந்த மாற்றத்தோடு பர்னரின் திசையும் மாறியது. பர்னருக்கு மேல் கூரைபோல் கவிழ்ந்திருக்கும் தகடுகள் பழையதில் 22.5 அங்குலம், புதியதில் 15.3 அங்குலம். இதைப் பார்க்காமல் ஆர்டர் செய்து, வந்த தகடு பெட்டிக்குள் நுழையாமல் விழிப்பதுதான் சீர்செய்பவர்கள் அதிகம் செய்யும் தவறு. வரிசை எண் சீட்டின் படத்தை விற்பவரிடம் முதலிலேயே கேளுங்கள். அதன் முதல் இரண்டு எழுத்துகள் தயாரித்த ஆண்டைக் காட்டிவிடும்.

தகடு, கம்பித்தட்டு, பர்னர், பற்றவைப்பான் எல்லாம் தேய்ந்து மாறும் சாமான்கள். அவை போயிருந்தால் பதற வேண்டாம், கணக்கில் சேருங்கள். கேட்கும் விலை, உதிரிபாகம், வேன் கூலி, புது ஹோஸ், ரெகுலேட்டர், இவ்வளவும் சேர்ந்து புதிய கிரில்லின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதே வாங்கலாம். பெட்டியும் சட்டமும் நன்றாக இருந்து பாதிக்குள் முடிந்தால் தாராளமாக எடுங்கள்.

சுத்தம் செய்யும்போது ஒன்றை மறக்காதீர்கள்: காரம் கலந்த அவன் கிளீனரும் சலவைச் சோடாவும் அலுமினியத்தை அரித்துவிடும். வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பிளாஸ்டிக் சுரண்டி போதும். அலுமினியத்தில் இறுகிப்போன திருகை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் தலை முறியும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள்.

பர்னர் குழாயைப் பிரஷ்ஷால் குறுக்காகத் தேய்க்க வேண்டும். நீளவாட்டில் தேய்த்தால் அழுக்கு பக்கத்துத் துளையில் போய் அடைக்கும். இரண்டு துளைகள் துருவில் ஒன்றாகிவிட்டால் அந்தப் பர்னர் குப்பைக்கு. ஜெட் துளையில் ஊசியோ துரப்பணமோ விடவே கூடாது. துளை கொஞ்சம் பெரிதானாலும் தீ கட்டுக்குள் நிற்காது. பர்னரில் காற்று நுழையும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சும்மா கிடந்த கிரில்லில் அங்கே சிலந்தி வலையோ குளவிக் கூடோ இருக்கும். தீ மஞ்சளாக எரிவதற்கும், பின்னால் கைப்பிடி பக்கம் எரிவதற்கும் அதுவே காரணம். நல்ல தீ நீலமாக, நுனியில் மட்டும் லேசான மஞ்சளோடு எரியும்.

கொளுத்துவதற்கு முன் கசிவுச் சோதனை. கைப்பிடிகளை மூடிவைத்து, சிலிண்டரைத் திறந்து, ரெகுலேட்டர், ஹோஸின் இரு முனைகள், வால்வு இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீரைப் பூசுங்கள். குமிழி பெருத்துக்கொண்டே போனால் அங்கே கசிவு. சிலிண்டரை மூடி இணைப்பை இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். வால்வின் உடலிலேயே குமிழி வந்தால் வீட்டில் பிரிக்க வேண்டாம்.

"கிளிக்" சத்தம் வந்தும் பற்றவில்லையா? முதலில் பேட்டரியை மாற்றுங்கள், பிறகு பற்றவைப்பானின் பீங்கான் முனையில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். விரிசல் இருந்தால் பொறி வேறெங்கோ தாவும்.

எல்லாம் பூட்டியபின் கம்பித்தட்டு முழுக்க வெள்ளை ரொட்டித் துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, நடுத்தரத் தீயில் ஒரு நிமிடம் வைத்துத் திருப்புங்கள். கருகிய துண்டு, பொன்னிறத் துண்டு, வெள்ளையாகவே இருக்கும் துண்டு என்று பர்னர்களின் வரைபடமே கிடைத்துவிடும். ஒரு வரிசை முழுக்க வெளுத்திருந்தால் அந்தப் பர்னரின் வாயை மறுபடி பாருங்கள். சர்க்கரை சேர்ந்த சம்பால் (மிளகாய் விழுது) தடவிய திருக்கை மீனைக் கருகிய துண்டு இருந்த இடத்தில் வைக்காதீர்கள்.

உறை போடுவதாக இருந்தால் கிரில் நன்றாக ஆறிக் காய்ந்தபின் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே ஈரம் வியர்த்து, தேய்த்துப் பெயின்ட் அடித்த அதே மூலைகளில் துரு திரும்ப வரும்.