இரட்சிப்பைப் பற்றிப் படிக்க எந்தத் தமிழ் வேதாகமம்?

தமிழ் வேதாகமம் வாங்கப் போகிறவர்கள் அட்டையையும் எழுத்தின் அளவையும் பார்ப்பதற்கு முன் எபேசியர் 2:8ஐத் திறந்து பாருங்கள். கிருபை, விசுவாசம், இரட்சிப்பு மூன்றும் ஒரே வரியில் வரும் இடம் அது. இங்கே எடுத்துக்கொள்வது இரண்டு பதிப்புகள்: ஹென்றி பவர் என்பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வெளிவந்த திருப்புதலின் வழிவந்த பழைய மொழிபெயர்ப்பு, 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம்.

பழையதில், “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்.” கிருபைக்கு ‘ஆலே’, விசுவாசத்துக்கு ‘கொண்டு’. மூலக் கிரேக்கத்திலும் இந்த வேறுபாடு உண்டு: இரட்சிப்பது கிருபை, அதைப் பெற்றுக்கொள்ளும் கை விசுவாசம். இரண்டுக்கும் ஒரே உருபு போட்டிருந்தால் விசுவாசமும் நாம் செலுத்தும் விலைபோல ஆகியிருக்கும். திருவிவிலியம் ‘நம்பிக்கை வழியாக’ என்று அதையே இன்னும் தெளிவாகச் சொல்கிறது. ‘மீட்கப்பட்டுள்ளீர்கள்’ என்பதில் வரும் ‘உள்’ளும் நல்ல தேர்வு. நடந்து முடிந்தது இன்றும் நிலைக்கிறது என்ற கிரேக்க வினையின் பொருள் பழையதன் ‘பட்டீர்கள்’ என்பதில் கிடைப்பதில்லை.

அடுத்து வரும் “இது தேவனுடைய ஈவு” இரண்டு பதிப்புகளிலுமே சிக்கல். ‘இது’ எது? தமிழில் கிருபையும் விசுவாசமும் அஃறிணை, எதனோடும் ஒட்டும். கிரேக்கத்தில் அவை இரண்டும் பெண்பால், ‘இது’ பொதுப்பால். ஆகவே கிருபையால் இரட்சிக்கப்பட்டது முழுவதையும் அது சுட்டுவதாகக் கொள்வதே பொருத்தம். இதற்கு ஓர் அடிக்குறிப்பு இருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்!

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறுவது ‘நம்பிக்கை’ என்ற சொல்லில். 1 கொரிந்தியர் 13:13 பழையதில் “விசுவாசம், நம்பிக்கை, அன்பு”. திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ஒரே சொல், இரண்டு பொருள்: பழையதில் ‘நம்பிக்கை’ எதிர்பார்ப்பு, புதியதில் அது விசுவாசம். பழையதில் ரோமர் 8:24, “அந்த நம்பிக்கையினாலே நாம் இரட்சிக்கப்பட்டிருக்கிறோம்” என்கிறது. புதியதில் பழகியவர் இதை விசுவாசத்தைப் பற்றிய வசனமாகவே எடுத்துக்கொள்வார். பவுல் அங்கே பேசுவது இன்னும் காணாததை எதிர்பார்த்துக் காத்திருப்பதைப் பற்றி.

கடவுள் ஒருவரை நீதிமானாக ஏற்றுக்கொள்வதைக் குறிக்கும் ‘நீதிமானாக்கப்படுதல்’ என்ற பழைய சொல்லைக் கேட்டால் ஆளே உள்ளுக்குள் மாறிவிட்டதாகத் தோன்றும். திருவிவிலியத்தின் ‘ஏற்புடையவர்’ கடவுளோடுள்ள உறவைக் காட்டுகிறது. ஆனால் நீதிமன்றத் தீர்ப்பின் வாசனை அதில் குறைவு. நீதிமானாக்கப்படுதல் என்றால் என்ன என்பது 16ஆம் நூற்றாண்டில் சபைகள் பிரிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம். 1999இல் லூத்தரன்களும் கத்தோலிக்கரும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டதும் இதைப் பற்றியே. ஆகவே இங்கே இரண்டு பதிப்பும் கட்டாயம் தேவை.

கலாத்தியர் 2:16இல் பழையது முந்துகிறது. “கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசம்” என்பதில் ‘பற்றும்’ என்றால் பிடித்துக்கொள்ளும். ‘பற்றிய’ என்று வாசித்தால் அவரைக் குறித்த வெறும் தகவலாகச் சுருங்கிவிடும்.

புதிதாகத் தொடங்குபவர் திருவிவிலியத்தை வாங்கலாம். நூல் முன்னுரைகள் கைகொடுக்கும். வசனங்களை மனப்பாடம் செய்யப் பழையதே ஏற்றது. எதை வாங்கினாலும், இரட்சிப்பு கிரியைகளினால் உண்டானதல்ல என்று சொல்லும் எபேசியர் 2:9ஓடு நிறுத்தாதீர்கள். நற்கிரியைகளுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்று 10ஆம் வசனம் சொல்கிறது. அதைப் படித்த கையோடு, விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும் மனிதர் நீதிமானாக்கப்படுகிறார் என்னும் யாக்கோபு 2:24க்குப் போனால், பவுலோடு மோதுவதுபோலத் தெரிந்த அந்த வரியை நிதானமாக வாசிக்க முடியும்.