4 வார இன்டர்ன்ஷிப்புக்கு நாமளே காசு கட்டுன கதை

கோயம்புத்தூர் காந்திபுரம் பக்கம் ஒரு டிரெயினிங் சென்டர், பேரு வேணாம் விடுங்க. அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல 4 வாரம் இன்டர்ன்ஷிப் பண்ணா 2 கிரெடிட்டுங்கறதால லீவு விட்டதும் நானும் ரூம்மேட்டும் ஓடிப்போய் ஆளுக்கு 4500 கட்டிட்டோம், ஸ்டைபண்ட், அதான் பயிற்சிக்கு குடுக்குற உதவித்தொகை, அவங்கதான தரணும், நாம எதுக்கு தர்றோம்னு அப்பா கேட்டதுக்கு இன்னும் பதில் இல்ல. எம்பெடட் சிஸ்டம்னு, அதான் மெஷினுக்குள்ள இருக்குற குட்டி கம்ப்யூட்டர் பத்தின பாடம்னு சொன்னாங்க, போனா 12 பேருக்கு புரோகிராம் ஏத்திப் பழகுற ஆர்டுயினோ போர்டு ரெண்டே ரெண்டு, அதுலயும் ஒண்ணுல யூஎஸ்பி லூசு, பேப்பர மடிச்சு முட்டு குடுத்தாத்தான் புரோகிராம் ஏறும். முத வாரம் பூரா எல்இடி மினுக்குனதுதாங்க வேலை. ரிப்போர்ட்டும் ரெடிமேடு, பேர மட்டும் மாத்திக்க சொன்னாங்க, என்னோடதுல 14ஆம் பக்கத்துல போன வருஷப் பையன் பேரு அப்படியே இருந்துச்சு, காலேஜ்லயும் யாரும் பாக்கல.

ஆனா சால்டரிங், அதான் ஈயத்த உருக்கி பத்தவைக்கிறது, சொல்லிக்குடுத்த அக்கா செம, டிரை ஜாயிண்ட், அதான் சரியா ஒட்டாத இடம், எப்படி மங்கலா தெரியும்னு வெளிச்சத்துல திருப்பித் திருப்பி காமிச்சாங்க. இந்த ரிவ்யூல நான் குடுக்குற ரெண்டு ஸ்டாரும் அவங்களுக்குத்தான். சேர்றவங்க முதல்ல லேப காட்டச் சொல்லி போர்ட எண்ணிப் பாருங்க. ஏசி மட்டும் நல்லா வேலை செய்யுது.