கல்லூரி ஆலோசகரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்தோம்: எச்-4 பிள்ளைக்கு எர்லி டிசிஷன் போடப்போகும் பெற்றோருக்கு

அமெரிக்காவில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை வைத்திருப்பவர்கள், அதிலும் க்ரீன் கார்டு வரிசையில் நின்று நின்று பிள்ளையை எச்-4 விசாவிலேயே (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் விசா) வளர்த்தவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்களுக்கு இது வெறும் கதை.

எங்கள் மகள் மூன்று வயதில் இங்கே வந்தவள். நியூஜெர்சியிலேயே கின்டர்கார்டன் தொடங்கி பன்னிரண்டு வரை. க்ரீன் கார்டுக்காக வீட்டுக்காரரின் கம்பெனி போட்ட ஐ-140 மனு ஒப்புதலாகி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, வரிசையில் எங்கள் தேதிதான் நகரவில்லை. ஒரு முழுச் சம்பளம், என்னுடைய அரைச் சம்பளம், இரண்டு பிள்ளைகள். இந்த விவரம் முக்கியம், பின்னால் வரும்.

அவளுக்கு ஆசை லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. "ஆர்ட்ஸ் காலேஜா? நல்லாத்தானே படிக்கிறா?" என்று மதுரையிலிருந்து மாமியார் கேட்டார். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். இங்கே அது வேறு. இரண்டாயிரம் பேர் படிக்கும் சின்னக் கல்லூரி. கணக்கு, உயிரியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் உண்டு. ஆராய்ச்சி மாணவர் பாடம் எடுக்க மாட்டார், பேராசிரியரே எடுப்பார். வில்லியம்ஸ் கல்லூரியில் இரண்டு மாணவருக்கு ஒரு பேராசிரியர் என்று டியூட்டோரியல் வகுப்பே நடக்கிறது. கோடையில் காரை எடுத்துக்கொண்டு மாசசூசெட்ஸ், மெய்ன் என்று சுற்றினோம். ஆம்ஹர்ஸ்ட், போடன் கல்லூரிகளில் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆம்ஹர்ஸ்டில் கட்டாயப் பாடப் பட்டியலே கிடையாது என்றதும், "அம்மா, பயாலஜியும் லத்தீனும் சேர்த்துப் படிக்கலாம்" என்றாள். லத்தீன் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஆலோசகர் வந்து சேர்ந்தார். தமிழ்ப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஓர் அழைப்பு: நூலகக் கூடத்தில் இலவசக் கூட்டம், தமிழிலேயே பேசுவார். பேசினார், நன்றாகவே பேசினார். நம்ம ஊர்ப்பக்கம், எல்லாரையும் அக்கா, அண்ணா என்று கூப்பிடுகிற மனிதர். நூலகத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் முடிவெடுத்துவிட்டோம். கட்டணம் 5,800 டாலர், பாதி ஜூனில், பாதி செப்டம்பரில். எர்லி டிசிஷனில் இடம் கிடைத்தால் மேற்கொண்டு 2,000 டாலர் 'போனஸ்'. ஜெல்லில் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வசதி) அனுப்பினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி என்றார். அனுப்பினோம்.

தெரியாதவர்களுக்கு: எர்லி டிசிஷனை இங்கே சுருக்கமாக ஈ.டி. என்பார்கள். நம்ம ஊர் அமலாக்கத்துறை இல்லை, ஆனால் எங்களுக்கு முடிவில் வீட்டுக்கு ரெய்டு வந்த மாதிரிதான் ஆனது. ஒரே ஒரு கல்லூரிக்கு, பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15-க்குள், "இடம் கொடுத்தால் கட்டாயம் சேருவேன், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவேன்" என்று மாணவி, பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். டிசம்பர் நடுவில் பதில். பல கல்லூரிகளில் ஜனவரியில் இரண்டாவது சுற்றும் உண்டு. ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்றவற்றில் அது கிடையாது.

ஆகவே எந்தக் கல்லூரிக்கு அந்த ஒற்றைச் சீட்டைப் போடுவது என்பதுதான் கேள்வி. ஆம்ஹர்ஸ்ட் அல்லது போடன் என்றாள் மகள். ஆலோசகர் சிரித்தார். "பாப்பா, ஈ.டி.யை அங்க வேஸ்ட் பண்ணாதே." ஒரு எக்செல் தாளைத் திறந்து வேறொரு கல்லூரியைக் காட்டினார். நல்ல கல்லூரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை, பெயர் வேண்டாம். ஈ.டி.யில் போட்டால் அங்கே மூன்று மடங்கு வாய்ப்பு என்றார். அந்த 'மூன்று மடங்கில்' பயிற்சியாளர்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிட்ட விளையாட்டு வீரர்களும் அடக்கம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்களைக் கழித்துப் பார்த்தால் மற்ற பிள்ளைகளுக்கு மிஞ்சும் வாய்ப்பு அவ்வளவு பெரிதல்ல.

பணம் பற்றிக் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. உதவி போக நாம் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று தோராயமாகக் காட்டும் அந்தக் கல்லூரியின் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் எங்கள் வருமானத்தைப் போட்டுக் காட்டினார். வருஷத்துக்கு 34,000 டாலர் சொச்சம் என்று வந்தது. கஷ்டப்பட்டால் முடியும். கீழே பொடி எழுத்தில், இது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பாளர்களுக்கும் மட்டும் என்று ஒரு வரி இருந்தது. நான் பார்க்கவில்லை. தினம் இதையே தொழிலாகச் செய்கிறவர் பார்க்காமல் இருந்திருப்பாரா?

நவம்பர் தொடக்கத்தில் மகளிடம் காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் தளம்) பாஸ்வேர்டைக் கேட்டார். "நானே ஒரு தடவை செக் பண்ணி சப்மிட் பண்ணிடுறேன், கடைசி நேர டென்ஷன் வேண்டாம்." கொடுத்தோம். நிதியுதவிக்கான சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் படிவம் எப்போது என்றதற்கு, "அட்மிஷன் வந்தப்புறம் போட்டுக்கலாம் அக்கா" என்றார். அது சுத்தப் பொய். ஈ.டி. மாணவர்களுக்கு அந்தப் படிவத்தின் கெடுவும் கிட்டத்தட்ட அதே நவம்பரில்தான்.

இன்னொன்றும் சொன்னார்: வேறு எங்கும் விண்ணப்பிக்கக் கூடாது, ஒப்பந்த மீறலாகிவிடும் என்று. அதுவும் தவறு. கட்டுப்படுத்தும் விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாமே தவிர, சாதாரணச் சுற்றில் எத்தனை கல்லூரிக்கும் போடலாம், ஈ.டி.யில் கிடைத்தால் திரும்பப் பெற வேண்டும், அவ்வளவுதான். மகளின் பள்ளி ஆலோசகர், அரசுப் பள்ளியில் முந்நூறு பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் அந்த அம்மாள், பிடிவாதமாக அவளை உட்காரவைத்து மாநிலப் பல்கலைக்கு டிசம்பர் 1-க்குள் போட வைத்தார். ஈ.டி. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், "நிதியுதவி பற்றிக் கல்லூரியிடம் நேரடியாகப் பேசினீர்களா?" என்று என்னிடம் கேட்டதும் அவர்தான். எங்கள் ஆலோசகர் பார்த்துக்கொள்கிறார் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை. 5,800 டாலர் வாங்கியவரை நம்பினேன், இலவசமாகச் சொன்னவரை நம்பவில்லை.

2024 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை மாலை பதில் வந்தது. கிடைத்துவிட்டது. கேசரி கிண்டினேன், ஊருக்கெல்லாம் போன் போட்டோம்.

சனிக்கிழமை காலை கல்லூரியின் போர்ட்டலில் நிதியுதவிப் பகுதியைத் திறந்தால், 'விண்ணப்பிக்கவில்லை' என்று இருந்தது. அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தோம். நிதியுதவி கோருகிறீர்களா என்ற கேள்விக்கு 'இல்லை'. மகள் 'ஆம்' என்று குறித்ததை அவளே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள். மாற்றியது யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 90,000 டாலருக்கு மேல். நாலு வருஷத்துக்கு நம்ம கணக்கில் மூன்று கோடி ரூபாய்.

போன் போட்டேன். அவர் குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

"எய்ட் கேட்டிருந்தா கெடச்சிருக்காது அக்கா. நான் ஸ்ட்ராடஜியா பண்ணேன். அட்மிஷன் வாங்கிக் குடுக்கறதுதான் என் வேலை, வாங்கிக் குடுத்துட்டேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

"சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்க. லோன் போடுங்க. ஊர்ல இடம் இருக்குன்னு அண்ணன் சொன்னாரே."

பிறகு, போனஸ் 2,000 எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டார்.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் பாதி உண்மை. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்திருந்தாலும், எச்-4 பிள்ளை பெரும்பாலான தனியார் கல்லூரிகளுக்கு வெளிநாட்டு மாணவிதான். அரசின் நிதியுதவிப் படிவமான ஃபாஃப்சா அவளுக்குக் கிடையாது. வெளிநாட்டு மாணவர் பணம் கேட்கிறாரா என்பதைச் சேர்க்கை முடிவின்போதே பார்க்கும் கல்லூரிகள்தான் அதிகம். கேட்டால் வாய்ப்பு குறையும். ஆனால் பார்க்காத கல்லூரிகளும் இருக்கின்றனவே! ஆம்ஹர்ஸ்ட் பல வருஷமாக வெளிநாட்டு மாணவர்களுக்கும் பணத்தைப் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவையான உதவியை முழுக்கக் கொடுக்கிறது. போடன் 2022-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. என் மகள் கேட்ட இரண்டும் அவைதான். அங்கே போட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் எங்கள் ஒற்றைச் சீட்டை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்பதைத் தீர்மானிக்கும் ஒரே தகவலை அவர் மறைத்தார். எங்களுக்குப் பொருத்தமான கல்லூரியை அவர் தேடவில்லை, அவருக்கு போனஸ் வரக்கூடிய கல்லூரியைத் தேடினார்.

கடனா? அரசுக் கல்விக்கடன் எச்-4-க்குக் கிடையாது. தனியார் கடனுக்குப் பெரும்பாலும் குடிமகனோ க்ரீன் கார்டு வைத்திருப்பவரோ ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றரை லட்சம் டாலருக்கு யாரிடம் போய் நிற்பது?

திங்கட்கிழமை கல்லூரி நிதியுதவி அலுவலகத்தில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். சேரும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் நாலு வருஷமும் கேட்க முடியாது என்பது அவர்கள் விதி. இது பல கல்லூரிகளில் உள்ள விதிதான். நடந்ததை எழுதி அனுப்பினோம். வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துக் கடிதம் வந்தது. இது பலருக்குத் தெரியாது: பணம் கட்ட முடியாது என்றால் விடுவித்துவிடுவார்கள், யாரும் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டார்கள். ஆனால் இடம் போனது போனதுதான்.

ஜனவரி முதல் வாரக் கெடுக்களுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. ஏழு கல்லூரிகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரைகள், சி.எஸ்.எஸ். படிவத்துக்கு முதல் கல்லூரிக்கு 25 டாலரும் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16 டாலரும். பள்ளி ஆலோசகர் கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டிலிருந்தபடியே மதிப்பெண் பட்டியலை அனுப்பினார். மகள் அந்த இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவசரத்தில் எழுதிய கட்டுரைகள் அவசரத்தில் எழுதியவை மாதிரியே இருந்தன. மார்ச்சில் ஏழு இடத்திலும் இல்லை என்றோ காத்திருப்புப் பட்டியல் என்றோ வந்தது. இப்போது அந்த அம்மாள் போட வைத்த மாநிலப் பல்கலையில் படிக்கிறாள். லத்தீன் எடுத்திருக்கிறாள்.

பணத்தைத் திரும்பக் கேட்டோம். 'அட்மிஷன் கிடைத்ததும் சேவை நிறைவுறும், கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று ஒப்பந்தத்தில் இருப்பதைக் காட்டினார். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமாவது தகராறு செய்திருக்கலாம். ஜெல்லில் போனால் ரொக்கம் கொடுத்த மாதிரிதான். ஐந்து சதவீதத் தள்ளுபடி எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. மாநில நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். இந்தத் தொழிலுக்கு உரிமம் எதுவும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் நாளைக்கே போர்டு மாட்டலாம் என்பதை அங்கே பேசும்போதுதான் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஈ.டி. போடும் முன் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: பிள்ளை எச்-4, படித்தது அமெரிக்கப் பள்ளியில், சேர்க்கைக்கும் நிதியுதவிக்கும் அவளை எந்தக் கணக்கில் வைப்பீர்கள், உதவி கேட்பது சேர்க்கையைப் பாதிக்குமா, இப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்கலாமா? பதில் எழுத்தில் வரட்டும். கல்லூரிக்குக் கல்லூரி பதில் மாறும். விசாவோ குடியேற்ற ஆவணமோ இல்லாத பிள்ளைகளை உள்ளூர்க் கணக்கில் வைத்துவிட்டு எச்-4 பிள்ளையை வெளிநாட்டுக் கணக்கில் வைக்கும் வேடிக்கையும் உண்டு. கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடினால், கல்லூரியே வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு பெரும்பாலும் ஒரு பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். அதில் எச்-6 என்ற இடத்தில் வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு எவ்வளவு உதவி கொடுத்தார்கள் என்றும், சி-21-இல் ஈ.டி.யில் எத்தனை பேர் போட்டு எத்தனை பேருக்குக் கிடைத்தது என்றும் இருக்கும். எந்த ஆலோசகரின் எக்செல் தாளும் தேவைப்படாது. சப்மிட் பொத்தானைப் பிள்ளைதான் அழுத்த வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

போன வாரம் தமிழ்ப் பள்ளியில் ஓர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்கு வாழ்த்துக்கள், இந்த மாசம் அவரோட கூட்டத்துக்கு நாங்களும் போறோம்" என்று போனைக் காட்டினார். அதே நூலகக் கூடம், இலவசம், தமிழில். 'எங்கள் வெற்றிகள்' என்ற தலைப்பில் என் மகள் பெயரின் முதலெழுத்தும், எங்கள் ஊர்ப் பெயரும், அவள் ஒருநாள்கூடப் படிக்காத அந்தக் கல்லூரியின் பெயரும் இருந்தன. எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை செய்தி அனுப்பிவிட்டேன். மூன்றாவதுக்குக் கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. நோட்டீஸ் இன்னும் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது.