தாத்தா தோளில் இருந்த பூனை

வேலூருக்கு மூன்று வாரம் போய்வந்தேன். கல்யாணம், ஆதார், பல் டாக்டர் எல்லாம் ஒழுங்காக நடந்தன, அதில் எழுத ஒன்றுமில்லை. ஒரு போட்டோ கடையில் நடந்ததை மட்டும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அத்தை வீட்டுப் பரணில் தாத்தாவின் பட்டாளத்துப் படம் கிடைத்தது. போஸ்ட் கார்டு அளவு, கறுப்பு வெள்ளை. சட்டைக் கையில் V மாதிரி பட்டைகள், அதற்கு மேலே தோள் பக்கம் ஏதோ ஒரு துணி வில்லை. "பர்மாவில் லாரி ஓட்டினார்" என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. எங்கள் பக்கம் பட்டாளத்துத் தாத்தா ஒன்றும் அதிசயமில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைப்பாகையில் தோல் குஞ்சம் வைத்ததற்காக 1806இல் கோட்டைக்குள் சிப்பாய்கள் கொதித்தெழுந்த ஊர் இது. உடுப்பில் இருக்கும் சின்னச் சின்னச் சமாச்சாரம் எவ்வளவு முக்கியம் என்று இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டுமா என்ற நம்பிக்கையில்தான் படத்தைக் கடையில் கொடுத்தேன்.

சின்ன வயதில் பார்த்த ஸ்டுடியோ கண்ணில் நின்றது. தாஜ்மகால் வரைந்த திரை, கறுப்புத் துணிக்குள் தலையை விடும் போட்டோகிராபர், "வியாழக்கிழமை வாங்க" என்று ஒரு ரசீது. இப்போது கண்ணாடிக் கதவு, ஏசி, கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பையன். நான் இருக்கும் பர்மிங்காமில் இதே வேலைக்குப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, படத்தைக் கையுறை போட்டு எடுத்து, இரண்டு வாரம் கழித்து எழுபது பவுண்டு கேட்பார்கள். இங்கே நாற்பது நிமிடம், முந்நூற்றைம்பது ரூபாய். நம்ம ஊர் நம்ம ஊர்தான் என்று வெளியே நின்று டீ குடித்தேன்.

திரும்பிப் போனால் தாத்தா சோப்பு விளம்பரத்தில் வருகிறவர் மாதிரி இருந்தார். உதட்டில் ரோஸ் கலர். தோளில் இருந்த வில்லையைக் காணோம். "அது பூஞ்சைன்னு நெனச்சு க்ளீன் பண்ணிட்டோம் சார்." படம் மடிந்திருந்த கோட்டில் ஒரு பட்டை விழுந்திருந்ததால் அதையும் துடைத்துவிட்டார்கள், மூன்று இரண்டாகிவிட்டது. தோள்பட்டையில் இருந்த பித்தளை எழுத்து இப்போது பொத்தான். இதெல்லாம் கம்ப்யூட்டரில்தானே, அசல் இருக்கிறதே என்று கையை நீட்டினேன். அசலை லேமினேஷன் போட்டுக் கொடுத்தார்கள். "ஃப்ரீ சார்." எண்பது வருஷத்துப் படத்தைச் சுடச்சுட பிளாஸ்டிக்கில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள்! இப்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் டியூப்லைட்தான் தெரிகிறது.

முதல் நாள் ராத்திரி தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப போனில் எடுத்து வைத்திருந்தேன், அது பிழைத்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தபடி ஒரு ஏடிஎம் வாசலில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"பிளாக் கேட் இல்ல தம்பி இது? பட்டாளத்துல இருந்தப்ப கேங்டாக்ல மூணு வருஷம் இந்தப் பூனையத் தோள்ல வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்."

நான் இதுவரை அதைப் பூனையாகவே பார்க்கவில்லை. வெளிறிய சதுரத்தில் ஒரு கறை, அவ்வளவுதான். அவர் விரல் வைத்துக் காட்டியதும் வால் தெரிந்தது. அப்புறம் பாடம் ஆரம்பித்தது. வில்லை என்ன டிவிஷன், அதாவது பல ஆயிரம் பேர் கொண்ட எந்தப் பெரும்படை என்று சொல்லும், பித்தளை எழுத்து எந்தப் பிரிவு என்று சொல்லும், பட்டை ரேங்க் சொல்லும். ஒன்று லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். "கடைக்காரன் உங்க தாத்தாவ ஹவில்தார்லேந்து நாயக்கா எறக்கிட்டான்," என்று சிரித்தார். தோளில் இருந்தது ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது சப்ளையும் வண்டிகளும். லாரி ஓட்டினார் என்ற வீட்டுக் கதை பொய்யில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 17ஆவது இந்திய டிவிஷனுக்கு முதலில் மின்னல் கீற்றுதான் சின்னம். 1942இல் பர்மாவிலிருந்து பின்வாங்கிய பிறகுதான் கறுப்புப் பூனை. ஆகவே படம் அதற்குப் பிந்தியது. அதே டிவிஷன்தான் 1944இல் இம்பாலில் ஜப்பானியரை எதிர்த்து நின்றது, 1945இல் பர்மாவில் மெய்க்திலாவைப் பிடித்தது. மற்ற டிவிஷன்களுக்கும் இப்படித்தான்: 4க்குச் சிவப்புக் கழுகு, 23க்குச் சேவல், 19க்குக் கட்டாரி பிடித்த கை. இப்போது சிக்கிமில் இருக்கும் 17ஆவது மலை டிவிஷனும் அந்தப் பூனையைத்தான் வைத்திருக்கிறது.

பர்மிங்காமில் பழம்பொருள் சந்தைக்குப் போனால் தொப்பி வில்லையை வைத்தே பட்டாலியன் சொல்லும் ஆட்கள் உண்டு. போன வருஷம் தாத்தாவின் வேறு ஒரு படத்தை அவர்களில் ஒருவரிடம் காட்டினேன். ஒரே கேள்விதான் கேட்டார்: "கூர்க்காவா?"

மறுநாள் கடைக்குப் போய் நியாயம் கேட்டேன். பையன் கோபப்படவே இல்லை. "பூனைதானே சார், கூகுள்ல எடுத்து ஒட்டிக் குடுத்துடறேன்." வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அத்தை அந்தக் கலர் படத்துக்குச் சட்டம் போட்டு, சந்தனம் வைத்து, மாலையும் போட்டாயிற்று. பூனை இல்லை, பட்டை இரண்டு, உதடு ரோஸ். போனில் இருந்ததைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரிப்பா, ஆனா இதுலதான் அப்பா பளிச்சுன்னு இருக்காரு."