மெலடோனின் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தூக்கத்துக்கு ஆன்லைனில் மெலடோனின் வாங்குபவர்கள், அதிலும் வீட்டுப் பெரியவர்களுக்காக வாங்குபவர்கள், விற்பவரின் பேச்சை நம்பிவிடாதீர்கள்.

அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியிருப்பதால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை தினமும் உண்டு. ராத்திரியில் தூக்கம் பிடிப்பதில்லை. ஆர்டர் போடும் முன்பே அந்த நிறுவனத்தின் சாட்டில் வார்ஃபரின் விஷயத்தைச் சொல்லித்தான் கேட்டேன். ‘தூக்க நிபுணர்’ என்று பெயர் போட்டு வந்தவர் சொன்னது: “தாராளமா கொடுங்க சார். உடம்புல தானா சுரக்கறதுதான், பக்க விளைவே கிடையாது. சீக்கிரம் தூங்கணும்னா பத்து மில்லிகிராமே எடுக்கலாம்.” வயது என்ன, வேறு என்ன மாத்திரை, சர்க்கரை, பிரஷர் உண்டா என்று ஒரு கேள்வி வரவில்லை.

அதை நம்பி வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அம்மா பல் தேய்த்துத் துப்பினால் எச்சிலோடு ரத்தம். எங்கும் இடித்துக்கொள்ளாமலே முழங்கைக்குக் கீழே நீலமாகக் கன்றிப்போயிருந்தது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை எடுத்துப் பார்த்தால், இருக்க வேண்டிய அளவைத் தாண்டி நின்றது. டாக்டர் எடுத்த எடுப்பிலேயே, “புதுசா என்ன சாப்பிடறீங்கம்மா?” என்றார். டப்பாவை நீட்டினேன். இது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் வார்ஃபரினோடு மெலடோனின் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம் என்று சொல்லி உடனே நிறுத்தச் சொன்னார்.

உடம்பில் சுரப்பதாம்! இன்சுலினும்தான் சுரக்கிறது, அதை யாராவது இது மாதிரி ஜெல்லி மிட்டாயாக்கி விற்பார்களா? மெலடோனின் என்பது மூளையில் உள்ள பினியல் சுரப்பி இருட்டிய பிறகு விடும் ஹார்மோன். பிரிட்டனில் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. அமெரிக்காவில் உணவுத் துணைப்பொருள் கணக்கில் வருவதால், விற்பனைக்கு வரும் முன் அரசு ஒப்புதல் தேவையில்லை. அங்கே விற்ற 25 வகை மெலடோனின் மிட்டாய்களைச் சோதித்து 2023இல் வெளியான ஆய்வில், 22இல் லேபிளும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது, இன்னொன்றில் மெலடோனினே இல்லை. ஆக, டப்பாவில் எழுதியிருக்கும் மில்லிகிராமையும் அப்படியே நம்ப முடியாது.

வார்ஃபரினோடு விஷயம் முடியவில்லை. மனநோய்க்குக் கொடுக்கும் ஃப்ளூவோக்ஸமைன், ரத்தத்தில் மெலடோனினைத் தாறுமாறாக ஏற்றிவிடும். தூக்க மாத்திரை, மது இரண்டுமே மந்தத்தைக் கூட்டும். வலிப்பு உள்ளவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டு எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. சாப்பிட்ட பிறகு நாலைந்து மணி நேரம் வண்டி ஓட்டாதீர்கள். குழந்தைகள் மிட்டாய் என்று நினைத்து அள்ளிச் சாப்பிடுவதும் நடக்கிறது, கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இத்தனைக்கும், நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017இல் சொன்னது. நேர மண்டலம் தாண்டிப் பறந்து தூக்கம் தடம் மாறியவர்களுக்கு உதவும், அதற்கும் குறைந்த அளவே போதும். பத்தெல்லாம் அநியாயம்.

நிறுவனத்திடம் கேட்டதற்கு, “ஒவ்வொருத்தர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி சார், பிரித்த டப்பாவுக்கு ரீஃபண்ட் கிடையாது” என்று பதில் வந்தது. நான் போட்ட ரிவ்யூவையும் தூக்கிவிட்டார்கள். சரி, அந்தச் சாட்டை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். ஐஎன்ஆர் ரிப்போர்ட்டோடு சேர்த்து நுகர்வோர் புகாரில் இணைத்திருக்கிறேன். அந்த நிபுணர் என்ன படித்தவர் என்றும் அதில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.