பாராமெட்ரிக் வளைவு வரைய எது தேவலை: மேட்பிளாட்லிப்பா, சிம்பையா, க்னுபிளாட்டா, பிளாட்லியா?

எக்ஸ், ஒய் இரண்டுமே டி என்ற ஒரே மாறியைப் பிடித்துக்கொண்டு நகரும் வளைவுதான் பாராமெட்ரிக் வளைவு. அதை இந்த நான்கிலும் வரையலாம்: மேட்பிளாட்லிப், சிம்பை, பிளாட்லி மூன்றும் பைத்தான் மொழியில் பயன்படும் நூலகங்கள், க்னுபிளாட் தனி வரைபட நிரல். அந்த டி-யை எது எப்படி நடத்துகிறது என்பதில்தான் வித்தியாசமே. சோதிக்க வட்டம் வேண்டாம், அது எதிலும் வந்துவிடும். டெம்பிள் ஃபே 1989-ல் வெளியிட்ட வண்ணத்துப்பூச்சி வளைவை எடுத்துக்கொள்ளுங்கள்: டி 0-விலிருந்து 12 பை வரை ஓடும், உள்ளே காஸ் 4டி இருப்பதால் தாறுமாறாக ஆடும்.

மேட்பிளாட்லிப்புக்கு டி என்று ஒன்று இருப்பதே தெரியாது. நம்பை என்ற எண்கணக்கு நூலகத்தின் லின்ஸ்பேஸில் (சம இடைவெளியில் எண்களைத் தருவது) டி மதிப்புகளை எடுத்து, எக்ஸ், ஒய் அரேக்களை (எண் வரிசைகளை) நாமே கணக்கிட்டுக் கொடுத்தால், அது புள்ளிகளை வரிசையாகக் கோட்டால் இணைக்கும், அவ்வளவுதான். எண்ணிக்கை சொல்லாவிட்டால் லின்ஸ்பேஸ் தருவது 50 புள்ளி. 12 பை நீளத்துக்கு அதைப் பரப்பினால் காஸ் 4டி-யின் ஓர் அலைக்குச் சுமார் இரண்டே புள்ளி, ஆக வண்ணத்துப்பூச்சி வராது, கிறுக்கல்தான் வரும். 5000 என்று கொடுங்கள், கண் இமைப்பதற்குள் வந்துவிடும். இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுகோல் வைக்கும் ஆக்சிஸ் ஈக்வலையும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் படம் ஒரு பக்கமாக இழுபடும். இவ்வளவு கைவேலை இருந்தும் என் முதல் தேர்வு இதுதான், ஏனென்றால் மறைவாக எதுவும் நடப்பதில்லை.

(மேட்பிளாட்லிப்பின் மேல் கட்டியதுதானே என்று சீபார்ன் நூலகத்தின் லைன்பிளாட்டுக்குப் போகாதீர்கள். அது எக்ஸ் மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கிவிட்டுத்தான் வரையும். வரிசைப்படுத்தும் சார்ட்டை (sort) ஃபால்ஸ் ஆக்கி, ஒரே எக்ஸுக்கு வரும் மதிப்புகளைச் சராசரியாக்கும் எஸ்டிமேட்டரையும் நிறுத்தினால் சரியாகும், ஆனால் எதற்கு அந்தப் பாடு?)

சூத்திரங்களைக் குறியீடாகவே கையாளும் சிம்பையின் பிளாட்_பாராமெட்ரிக்கில் சூத்திரத்தை அப்படியே எழுதி, டி-யின் எல்லையைச் சொன்னால் போதும். அடாப்டிவ் முறையை இயக்கினால் வளைவு அதிகமுள்ள இடத்தில் புள்ளிகளை அதுவே நெருக்கமாக வைக்கும். அதே சூத்திரத்தை வகையிட்டுத் தொடுகோடும் போடலாம் என்பதால் கணக்குப் பாடத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை. படத்தின் தோற்றத்தை மாற்றப் போனால்தான் எரிச்சல்.

க்னுபிளாட்டில் செட் பாராமெட்ரிக் என்று ஒரு வரி, டி தயார். ஆனால் அதன் இயல்பான எல்லை -5 முதல் 5 வரை, புள்ளிகள் 100. டி-ரேஞ்சையும் (எல்லை) சாம்பிள்ஸையும் (புள்ளி எண்ணிக்கை) மாற்றாமல் வரைந்தால் டி ஓட வேண்டிய நீளத்தில் கால்வாசிதான் ஓடும், முழுப் பூச்சி வராது.

பிளாட்லியிலும் அரேக்களை நாம்தான் தயாரிக்க வேண்டும். ஆனால் டி-யைக் கஸ்டம்டேட்டாவாக (புள்ளியோடு சேர்த்து அனுப்பும் கூடுதல் தகவல்) அனுப்பி ஹோவர்டெம்ப்ளேட்டில் (மவுஸ் வைத்தால் தோன்றும் குறிப்பின் வடிவம்) சேர்த்துவிட்டால், கோட்டின் மேல் மவுஸை வைத்ததும் அந்த இடத்தின் டி மதிப்பு தெரியும். வளைவு தன்னையே வெட்டிக்கொள்ளும் இடங்களில் இது பெரிய உதவி: பெரிதாக்கி இரண்டு கிளைகளிலும் மவுஸை ஓட்டி, கிடைக்கும் இரண்டு டி-க்களைத் தொடக்க மதிப்பாகச் சமன்பாடுகளை எண்முறையில் தீர்க்கும் சிம்பையின் என்சால்வுக்குக் கொடுத்தால் வெட்டுப்புள்ளியைத் துல்லியமாகக் கண்டுபிடித்துவிடலாம்.