‘அவுட்லுக் சப்போர்ட்’ என்று தேடி, முதலில் வரும் எண்ணை அழைக்கப் போகிறவர்களுக்கு

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். கடந்த ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் அலுவலகக் கணினியில் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக் திறக்க மறுத்தது. அதைச் சரிசெய்து தருவதாகச் சொன்ன ஒருவருக்கு 14,999 ரூபாய் அனுப்பியதோடு, ஏறக்குறைய நான்கு மாத மின்னஞ்சல்களை அவர் அழிப்பதை நானே திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை எழுதுவதில் எனக்குக் கூச்சம் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு அலுவலகங்களில் இதே போன்ற அழைப்புகள் நடந்திருப்பதாகத் தெரியவந்த பிறகு, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது என்று முடிவுசெய்தேன்.

முதல்நாள் மாலை திரையின் வலது மூலையில், எங்கள் ஆண்டிவைரஸ் மென்பொருளின் புதிய பதிப்பு நிறுவப்பட்டுவிட்டதாக ஒரு சிறு செய்தி வந்தது. வழக்கம்போல் படிக்காமலே மூடினேன். மறுநாள் காலை அவுட்லுக்கைச் சொடுக்கியதும் நீலப் பெட்டி வந்தது, ‘ப்ரொஃபைல் லோட் ஆகிறது’ என்ற வரியும் வந்தது, அதற்கு மேல் எதுவும் நகரவில்லை. டாஸ்க் மேனேஜரில் போய் மூடினேன், கணினியை இருமுறை அணைத்துப் போட்டேன், பலனில்லை. அன்று மதியத்துக்குள், எங்களிடம் ஆடை வாங்கும் பையர் ஒருவருக்கு, மொத்த உற்பத்திக்கு முன் ஒப்புதலுக்குத் தரும் பிபி சாம்பிள் பற்றிய பதிலை அனுப்பியாக வேண்டும். எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் ஊரில் இல்லை. பதற்றத்தில் கைப்பேசியை எடுத்து, அவுட்லுக் உதவி எண் என்று தேடினேன். முதலில் வந்ததை அழைத்தேன். அது காசு கொடுத்துப் போடப்பட்ட விளம்பரம் என்று அதன் தலையிலேயே சிறிய எழுத்தில் இருந்ததை அன்று மாலைதான் கவனித்தேன்.

மைக்ரோசாஃப்ட் தன்னுடைய பிழைச் செய்திகளில் ஒருபோதும் தொலைபேசி எண் தருவதில்லை என்பதை அந்நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. எனக்கு அப்படி எந்த எச்சரிக்கைப் பெட்டியும் வரவில்லை. நானாகவே தேடிப் போனேன். அதனால் மறுமுனையில் இருந்தவர்மேல் எனக்குச் சந்தேகம் தோன்றவே இல்லை. நல்ல தமிழில், மிகப் பொறுமையாகப் பேசினார். “லைன்லயே இருங்க மேடம், பத்து நிமிஷத்துல முடிச்சுடலாம்” என்றார். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை இறக்கச் சொல்லி, அதில் தெரிந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். என் சுட்டி தானாக நகரத் தொடங்கியது.

அவர் அவுட்லுக்கைத் தொடவே இல்லை. நேராக, விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ‘ஈவென்ட் வியூவர்’ என்ற பகுதியைத் திறந்தார். அதில் வரிசையாகச் சிவப்புக் குறிகள். சுட்டியை ஒவ்வொன்றின்மேலும் நிறுத்தி நிறுத்தி, “இது எரர், இதுவும் எரர், பாருங்க மேடம், ஆயிரத்தைத் தாண்டிடுச்சு, உங்க நெட்வொர்க்குக்குள்ளயே யாரோ இருக்காங்க” என்றார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எந்த விண்டோஸ் கணினியிலும் அந்தப் பட்டியலைத் திறந்தால் இத்தகைய சிவப்புக் குறிகள் இருக்கத்தான் செய்யும். ஏதோ ஒரு சேவை தொடங்கத் தாமதமானால்கூட அங்கே ஒரு வரி பதிவாகிவிடும். இந்த மோசடிக்காரர்கள் பல ஆண்டுகளாகப் பல நாடுகளில் காட்டிவரும் முதல் வித்தையே இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் முதலாளியின் வங்கிக் கடிதங்கள் வரை அந்த மின்னஞ்சலில் இருக்கின்றன என்பது மட்டும்தான்.

ஓராண்டுப் பாதுகாப்புத் தொகுப்பு, கூடவே ஓராண்டு சப்போர்ட், மொத்தம் 14,999 ரூபாய் என்றார். யுபிஐ-யில் அனுப்பும்போது பணம் பெறுபவர் பெயராக அவர் சொன்ன நிறுவனத்தின் பெயர் வரவில்லை. யாரோ ஒரு தனிநபரின் பெயர் வந்தது. கேட்டேன். “எங்க அக்கவுண்ட்ஸ் மேனேஜர் மேடம்” என்றார். அந்த ஒரு பதிலில் நான் அழைப்பைத் துண்டித்திருக்க வேண்டும். துண்டிக்காமல் என் சொந்தக் கணக்கிலிருந்து பின் எண்ணைப் போட்டு அனுப்பினேன், அலுவலகத்தில் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று.

பணம் போன பிறகுதான் அவர் அவுட்லுக் பக்கம் வந்தார். கண்ட்ரோல் பேனலில் புதிய ப்ரொஃபைல் (கணக்கு அமைப்புகளின் தொகுப்பு) ஒன்றை உருவாக்கி, என்னிடம் கடவுச்சொல் கேட்டு அதில் கணக்கைச் சேர்த்தார். பிறகு டாக்குமெண்ட்ஸ் கோப்புறைக்குள் ‘அவுட்லுக் ஃபைல்ஸ்’ என்ற இடத்துக்குப் போய், அவுட்லுக் அஞ்சல்களைச் சேமித்து வைக்கும் 31 ஜிபி பிஎஸ்டி கோப்பைக் காட்டி, “ஃபைல் ஓவர்லோட் ஆகி கரப்ட் ஆயிடுச்சு, இதுதான் மேடம் பிரச்சினை” என்றார். அவுட்லுக் 2003, 2007 பதிப்புகளில் இந்தக் கோப்புக்கு இயல்பாக 20 ஜிபி உச்ச வரம்பு இருந்தது. 2010 முதல் அது 50 ஜிபி. 31 ஜிபி என்பது பெரிய கோப்புதான், ஆனால் வரம்பை மீறியதல்ல. உண்மையாகவே சிதைந்திருந்தாலும், அதைப் பழுதுபார்க்க ‘ஸ்கேன்பிஎஸ்டி’ என்ற கருவி அவுட்லுக்கோடு சேர்ந்தே வருகிறது. முதலில் கோப்பை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு அந்த நகலின்மேல் அதை ஓட்டிப் பார்ப்பதுதான் விவரம் தெரிந்தவர்கள் செய்வது. இவரோ கோப்பைத் தேர்ந்தெடுத்தார், நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று ஒரு பெட்டி கேட்டது, சுட்டி ‘யெஸ்’ மேல் போய் நின்றது. “மெயில் எல்லாம் சர்வர்லயே இருக்கும் மேடம், திரும்ப இறங்கிடும்” என்றார். நானும் சரி என்றேன்.

இறங்கியது, கடைசி 14 நாள் மின்னஞ்சல்கள் மட்டும்.

எங்கள் கணக்கு பாப் முறையில் அமைந்தது. அந்த முறையில் மின்னஞ்சல் சர்வரிலிருந்து கணினிக்கு இறங்கிய பிறகு, சர்வரில் இருக்கும் பிரதி சில நாட்களில் நீக்கப்பட்டுவிடும். அவுட்லுக்கில் இயல்பாகவே அது 14 நாள் என்று குறிக்கப்பட்டிருக்கும். மார்ச் மாத நடுவில் எடுத்த ஒரு நகலில் இருந்தவை தவிர, அதற்கு முந்தைய எல்லாவற்றுக்கும் எங்களிடம் இருந்த ஒரே பிரதி அந்த 31 ஜிபி கோப்புதான். நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களின் நிலை இன்னும் மோசம், ஏனென்றால் பாப் முறையில் அவுட்லுக்கிலிருந்து அனுப்பியவை ‘சென்ட்’ கோப்புறையில், அதாவது அதே பிஎஸ்டி-க்குள் மட்டுமே தங்குகின்றன. அஞ்சல்கள் சர்வரிலேயே தங்கும் ஐமேப் முறையாகவோ எக்ஸ்சேஞ்ச் கணக்காகவோ இருந்திருந்தால் அவர் சொன்னது உண்மையாகியிருக்கும். உங்கள் அலுவலகக் கணக்கு எந்த வகை என்பது அவுட்லுக்கில் ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ பகுதியில் கணக்கின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஆறு வருடம் அதே திரையின் முன் உட்கார்ந்திருந்தும் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அன்று மாலை அவுட்லுக் வேகமாகத்தான் திறந்தது. காலியான வீட்டில் நடமாடுவது எளிதுதானே. வியாழக்கிழமை மறுபடியும் அதே நீலப் பெட்டியில் உறைந்தது. அதற்குள் இன்னொரு புதிய தொல்லையும் சேர்ந்திருந்தது: எப்போதாவது திறந்தாலும் சர்வரின் சான்றிதழ் நம்பத்தக்கதல்ல என்ற எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தது, அனுப்பும் அஞ்சல்கள் ‘அவுட்பாக்ஸ்’ உள்ளேயே தங்கிவிட்டன. அவரை அழைத்தால், சர்வர் லைசென்ஸ் தனி, அதற்கு மேலும் 8,000 ரூபாய் ஆகும் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை, ஊரிலிருந்து திரும்பிய எங்கள் கணினித் தம்பி வந்து உட்கார்ந்தார். கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தபடியே அவுட்லுக் படத்தைச் சொடுக்கினார். சேஃப் மோடில் திறக்கட்டுமா என்று கேட்டது. ஆமென்றதும் நாலைந்து நொடியில் திறந்துகொண்டது. “பாத்தீங்களா மேடம், அவுட்லுக் நல்லாத்தானுங்க இருக்குது, கூட ஒட்டிக்கிட்டு இருக்கிறதுதான் கோளாறு” என்றார். சேஃப் மோடில் ஆட்-இன் எனப்படும் ஒட்டு நிரல்கள் எதுவும் ஏறாது. ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘ஆட்-இன்ஸ்’ என்று போய் ‘காம் ஆட்-இன்ஸ்’ பட்டியலைத் திறந்தபோது, பிடிஎஃப் மென்பொருளுடையது ஒன்று, பழைய ஆண்டிவைரஸுடையது ஒன்று, அந்த ஆள் போட்டுவிட்டுப் போன பாதுகாப்புத் தொகுப்புடையது ஒன்று என மூன்று இருந்தன. எல்லாவற்றின் டிக்கையும் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுத் திறந்து பார்த்தார். பழைய ஆண்டிவைரஸின் ஆட்-இன்னைப் போட்டதும் நீலப் பெட்டி உறைந்தது. திங்கட்கிழமை மாலை நான் படிக்காமல் மூடிய செய்திக்கும் செவ்வாய்க்கிழமை காலைக்கும் இருந்த தொடர்பு அதுதான். ப்ரொஃபைலை மாற்றினாலும் ஆட்-இன்கள் அப்படியே இருக்கும் என்பதால், அந்த ஆள் செய்த எதுவும் நோயின் பக்கத்தில்கூடப் போகவில்லை. (நாங்கள் பயன்படுத்துவது பழைய, ‘கிளாசிக்’ அவுட்லுக். புதிய அவுட்லுக் இந்த வகை ஆட்-இன்களை ஏற்பதே இல்லை.)

சான்றிதழ்த் தொல்லை அந்த ஆளே கொண்டுவந்து சேர்த்தது. ஆண்டிவைரஸ்கள் பலவும் மின்னஞ்சலைச் சோதிப்பதற்காக அவுட்லுக்குக்கும் சர்வருக்கும் நடுவே உட்கார்ந்து, தங்கள் சொந்தச் சான்றிதழைக் காட்டி, பூட்டிய போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கின்றன. ஒரே வாசலில் இரண்டு காவலாளிகளை நிறுத்தியதால் ஒருவர் காட்டிய அடையாளச் சீட்டை மற்றவர் ஏற்கவில்லை. தம்பி இரண்டையும் முழுதாக நீக்கினார். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் என்ற ஆண்டிவைரஸ் தானாக விழித்துக்கொண்டது. மொத்த வேலையும் அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. 500 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

போன கோப்பை மீட்க முடியவில்லை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்திருந்தால் முயன்று பார்க்க வாய்ப்பு இருந்திருக்கும். சென்ற வருடம்தான் சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி மாற்றினோம். அதில் அழித்த கோப்பின் இடத்தை ‘ட்ரிம்’ என்ற ஏற்பாடு தானாகவே துடைத்துவிடுகிறது. மார்ச் மாத நடுவில் தம்பி வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்த நகல் ஒன்று இருந்ததால் பழையவை தப்பின. அதற்குப் பிந்தைய லேப் டிப் (துணியின் நிற மாதிரி) ஒப்புதல்கள், அளவுத் திருத்தங்கள், விலைப் பேச்சு ஆகிய அனைத்தும் போயின. ஒரு பையரின் நிறத் தேர்வில், ‘பி’ வேண்டும் என்று அவர்களே எழுதிய மின்னஞ்சல் என்னிடம் இல்லாததால், தூத்துக்குடிக்கு சரக்கு ஏற வேண்டிய வாரத்தில் பழைய அஞ்சல்களைத் திருப்பி அனுப்பும்படி அவர்கள் அலுவலகத்தையே கெஞ்ச வேண்டியதாயிற்று. அனுப்பினார்கள். காரணம் கேட்டார்கள், சொன்னேன்.

இதைவிட என்னை நடுங்க வைத்தது தம்பி கடைசியாகக் கண்டுபிடித்தது. அந்தத் தொலை இயக்கச் செயலி மூடப்படவே இல்லை. கணினி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தானே ஓடும்படியும், அந்த ஆள் வைத்துக்கொண்ட நிலையான கடவுச்சொல்லால் என் அனுமதியில்லாமலே உள்ளே வரும்படியும் அமைக்கப்பட்டிருந்தது. மூன்று நாள் அப்படி இருந்திருக்கிறது. ஏற்றுமதிக்காரர்களின் மின்னஞ்சலை வேவு பார்த்து, சரியான நேரத்தில் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று பையருக்கு எழுதிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குப் புதிதல்ல. செயலியை நீக்கி, வேறொரு கணினியிலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, வெப்மெயிலில் அஞ்சல்களை வேறு முகவரிக்குத் திருப்பும் விதி ஏதும் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தோம். இல்லை. இருந்தும் எங்கள் வங்கி விவரம் மாறவில்லை என்பதை எல்லாப் பையர்களுக்கும் முதலாளியே தொலைபேசியில் சொன்னார்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை நான் அழைத்தது வெள்ளிக்கிழமை மாலை. பணம் போன உடனே சொல்லியிருந்தால், அது அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் வங்கிகள் மூலம் நிறுத்திவைக்க முயல்வார்கள். மூன்று நாளாகிவிட்டதால் அந்தக் கணக்கு துடைத்துவைத்ததுபோல் இருந்ததாம். என் வங்கியோ, பின் எண்ணை நீங்களே போட்டு அனுப்பிய பணம் என்பதோடு முடித்துக்கொண்டது. அவர்கள் அனுப்பிய பில்லை எங்கள் கணக்காளரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு விரலால் எண்ணினார். ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 இலக்க எழுத்துகள் இருக்க வேண்டும். அதில் 14 தான் இருந்தன. சென்னை முகவரி போட்டிருந்தும், தமிழ்நாட்டுக்குரிய 33 என்று தொடங்காமல் 07 என்று, டெல்லிக்குரிய குறியோடு தொடங்கியது.

போன வாரம் அவர்களிடமிருந்தே மறுபடியும் அழைப்பு வந்தது. குரல் வேறு, மரியாதை அதேதான். நிறுவனத்தை மூடுகிறோம், உங்கள் 14,999 ரூபாயைத் திருப்பித் தருகிறோம், அதற்கு ஒரே ஒரு முறை கணினியை இணைத்து உங்கள் வங்கிப் பக்கத்தைத் திறந்தால் போதும் என்றார்கள். அழைத்த எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, ஏற்கெனவே கொடுத்த புகாரோடு சேர்த்துவிட்டேன்.